அம்மா உட்காரும் பண்டிகை

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி ஒருத்தி, தன் தோழியர் சார்பில்)

திருவருகைக் கால ஞாயிறுகளில் பாடப்படாதிருந்த வானவர் கீதம் நள்ளிரவுத் திருப்பலியில் எழும்பும்போது, கோபுர மணியும் பீட மணியும் ஒருங்கே ஒலிக்கும். திரை விலகும். குடிலில் பாலன் இயேசுவின் சுரூபம் வைக்கப்படும். சிறு பிள்ளைகள் பெஞ்சின் மேல் ஏறி நின்று எட்டிப் பார்ப்பார்கள். ஆண்டுதோறும் பார்த்தாலும் அலுக்காத அந்த நிமிடத்தில், சென்ற கிறிஸ்து பிறப்பு விழாவன்று எங்களுள் ஒருத்தியின் அம்மா தூணில் சாய்ந்து நன்றாக உறங்கிக் கொண்டிருந்தார். எழுப்பவும் மனம் வரவில்லை, எழுப்பாமல் இருக்கவும் மனம் வரவில்லை என்று அவள் சொன்னாள். அவருடைய கையில் எண்ணெய் தெறித்த கொப்புளம் ஒன்று இருந்ததாம். அன்றிரவு பத்தரை மணி வரை அவர் முறுக்குச் சுட்டிருந்தார்.

அவள் இதைப் பள்ளி திறந்த பிறகு மதிய இடைவேளையில் வேடிக்கையாகத்தான் சொன்னாள். நாங்களும் சிரித்தோம். பின்பு ஒருத்தி, "எங்கள் அம்மா பூசைக்கே வரவில்லை, கறி அடுப்பில் இருந்தது" என்றாள். மற்றொருத்தி, தீபாவளியன்று தன் அம்மா எண்ணெய் தேய்த்துக் குளித்தது பகல் பன்னிரண்டு மணிக்கு என்றாள். நோன்புப் பெருநாளன்று எல்லோரும் பிரியாணி உண்டு முடித்த பின் தன் உம்மா நின்றுகொண்டே சோறும் தயிரும் சாப்பிட்டதை இன்னொரு தோழி சொன்னாள். அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை. "சென்ற பண்டிகையன்று உங்கள் அம்மா எல்லோருடனும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்களா? சாப்பிட்டவர்கள் கை தூக்குங்கள்" என்று கேட்டோம். ஒரு கையின் விரல்களால் எண்ணிவிடும் அளவுக்கே கைகள் உயர்ந்தன. அந்த மதிய இடைவேளையில் பிறந்ததே இக்கட்டுரை. எங்கள் கருத்துத் தவறாயிருப்பின் பெரியோர் மன்னிப்பார்களாக.

எங்கள் கருத்து இதுதான்: பண்டிகைச் சமையல் எளிமையாக வேண்டும், பண்டிகை அலங்காரம் கையால் ஆனதாக வேண்டும். இவ்விரண்டும் வெவ்வேறு செய்திகள் போலத் தோன்றும். ஆனால் வீட்டில் டிசம்பர் இருபதாம் தேதிக்கு மேல் நடப்பதைக் கவனித்தவர்களுக்கு இரண்டும் ஒன்றே என்பது தெரியும். நாம் எதை எல்லோரும் சேர்ந்து செய்யலாமோ அதைக் கடையில் வாங்கிவிடுகிறோம். எதை ஒருவர் தனியே நின்று செய்ய வேண்டியிருக்கிறதோ அதை அம்மாவின் தலையில் வைத்துவிடுகிறோம். நட்சத்திரம் கடையிலிருந்து மடித்த நிலையில் வந்து, விரித்தவுடன் தொங்குகிறது. அதிரசமோ நான்கு நாள் அம்மாவைப் பிடித்து வைத்துக்கொள்கிறது.

அதிரசத்தின் மேல் எங்களுக்குக் கோபம் ஏதும் இல்லை. அது வேண்டாம் என்று சொல்லும் நாக்கு எங்களுக்கும் இல்லை. ஆயினும் அதன் வேலையை எண்ணிப் பாருங்கள். பச்சரிசியை ஊற வைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் முற்றும் போகுமுன் இடித்துச் சலிக்க வேண்டும். வெல்லப் பாகு தக்காளிப் பதத்துக்கு வர வேண்டும். ஒரு கொதி கூடினால் கல், ஒரு கொதி குறைந்தால் எண்ணெயில் கரைந்து போகும். பிசைந்த மாவு இரண்டு மூன்று நாள் புளிக்கக் காத்திருக்க வேண்டும். பின்பு ஒன்றொன்றாகத் தட்டி, ஒன்றொன்றாகப் போட்டு, ஒன்றொன்றாக எண்ணெய் பிழிய வேண்டும். இதில் வேறொருவர் கை கொடுக்க இடமே இல்லை. கொடுத்தால் பதம் கெட்டுவிடும் என்ற அச்சம். இதனோடு முறுக்கு, அச்சு முறுக்கு, முந்திரிக்கொத்து. இத்தனைக்கும் மேல் விடியற்காலை இட்டலியும் கறிக்குழம்பும், பகலில் பிரியாணி. நாங்கள் புத்தாடையுடன் குடிலின் முன்னே படம் எடுத்துக்கொள்ளும்போது, அந்தப் படத்தில் அம்மா எப்போதும் இல்லை. இருந்தாலும் முந்தானையில் கையைத் துடைத்தபடி ஓரத்தில் நிற்கிறார்.

முற்காலத்தில் எல்லாம் கூடுதலாகச் செய்தார்கள், இப்போதுதான் பெண்களுக்குச் சோம்பல் வந்துவிட்டது என்று கூறுவோர் உண்டு. அவர்களுக்கு ஒரு செய்தி. கிறிஸ்து பிறப்புக்கு முந்தின நாள் ஒரு காலத்தில் ஒருசந்தி நாளாகவும் சுத்தபோசன நாளாகவும் இருந்தது. 1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் அது அவ்வாறே குறிக்கப்பட்டிருந்தது. 1966-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் ஒறுத்தல் நாள்களை மாற்றி அமைத்த பின்னரே அந்தக் கடமை நீங்கியது. அதாவது, எங்கள் ஆச்சிமார் சிறுமிகளாயிருந்த நாளில் 24-ஆம் தேதி கறியும் இல்லை, வயிறு நிறையச் சாப்பாடும் இல்லை. கஞ்சியும் காணத் துவையலும் என்று எங்களுள் ஒருத்தியின் ஆச்சி நினைவு கூர்கிறார். "அன்னைக்கு அடுப்புக்கும் ஒருசந்திதான்" என்று அவர் சொன்னது எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தது. கடமை நீங்கியது நல்லதே. ஆனால் அன்று அடுப்புக்குக் கிடைத்த ஓய்வும் அதனோடு நீங்கிவிட்டது என்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஆகையால் எங்கள் முதல் வேண்டுகோள் 24-ஆம் தேதி இரவைப் பற்றியது. அன்று கஞ்சியே போதும். உடைத்த புழுங்கலரிசி, ஒரு பிடி சிறுபயறு, நாலைந்து பல் பூண்டு, சிறிது வெந்தயம். இறக்கும்போது தேங்காய்த் துருவல். தொட்டுக்கொள்ளக் காணத் துவையல். (பிற மாவட்டத்துச் சகோதரிகளுக்காக: காணம் என்பது கொள்ளு.) காணத்தை வாசம் வரும் வரை வறுத்து, மிளகாய், புளி, தேங்காய், உப்புடன் அம்மியிலோ மிக்சியிலோ அரைத்தால் முடிந்தது. இதற்கு முக்கால் மணி நேரம் கூட ஆகாது. எங்களாலேயே செய்ய முடியும். செய்தும் பார்த்தோம். ஏழு மணிக்கு உண்டு முடித்துவிட்டால் பூசைக்குப் புறப்படும் வரை அம்மா படுத்து எழலாம்.

பண்டிகை நாள் பகலுக்கு? இங்கேதான் வீட்டில் சண்டை வரும். பிரியாணி இல்லாத பண்டிகையைத் தம்பிமார்கள் ஏற்க மாட்டார்கள். நாங்கள் முன்வைப்பது நம் நெல்லைச் சீமைக்கே உரிய உளுந்தஞ்சோறு. இதைப் பழைய காலத்துச் சாப்பாடு, பூப்பெய்திய பெண்ணுக்குப் போடும் சாப்பாடு என்று ஒதுக்கி வைத்திருக்கிறோம். ஆனால் ஒரே பானையில் முடிகிற விருந்து இதைப் போல வேறில்லை. தோலுடன் உடைத்த கறுப்பு உளுந்து ஒரு டம்ளரை வெறும் சட்டியில் வறுத்துக்கொள்ள வேண்டும். அதனுடன் இரண்டு டம்ளர் அரிசி, ஒரு சிறு கரண்டி வெந்தயம், கொஞ்சம் சீரகம், உரித்த பூண்டு பதினைந்து இருபது பல், ஒரு மூடித் தேங்காயின் துருவல், உப்பு, ஏழு டம்ளர் தண்ணீர். குக்கரில் நான்கு விசில். சற்றுக் குழைவாகத்தான் இருக்கும், இருக்க வேண்டும். எள்ளுத் துவையலும் கோழிக் குழம்பும் இதற்குச் சரியான துணை. சைவமான வீடுகளில் துவையலும் அப்பளமும் போதும். இதில் கவனிக்க வேண்டியது சுவை மட்டுமன்று. பூண்டு உரிப்பது ஒருவர், தேங்காய் துருவுவது ஒருவர், எள் வறுப்பது ஒருவர் என்று இந்தச் சோற்றின் வேலையைப் பங்கு போடலாம். தேங்காய் துருவும் வேலையை அப்பாவுக்கு ஒதுக்கியிருக்கிறோம். சொதியும் அருமையான உணவே. ஆனால் தேங்காய்ப் பால் முதற்பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று பிழிந்தெடுக்க அம்மாவைத் தேட வேண்டியிருக்கும். அது மறுவீட்டு விருந்தோடு இருக்கட்டும்.

பலகாரத்தில் ஒன்றே ஒன்று போதும் என்பது எங்கள் முடிவு. அது கல்கல். மைதா, சர்க்கரை, முட்டை, தேங்காய்ப் பால், சிறிது நெய். பாகு இல்லை, பதம் இல்லை, புளிக்க வைப்பது இல்லை. மாவைச் சிறு உருண்டையாக்கி முட்கரண்டியின் முதுகிலோ, இதற்கென்றே வாங்கிய புதுச் சீப்பிலோ வைத்து அழுத்திச் சுருட்டினால் வரி வரியாக விழும். ஆறு வயதுத் தங்கை சுருட்டியது கோணலாக இருக்கும். எண்ணெயில் விழுந்து பொரிந்த பின்பும் கோணலாகவே இருக்கும். அதனால் என்ன? வீட்டிலுள்ள எல்லோரும் தரையில் தாளை விரித்து வட்டமாக உட்கார்ந்து, கதை பேசிக்கொண்டே செய்யக்கூடிய பலகாரம் இது ஒன்றுதான். அடுப்பின் முன் நிற்கும் நேரம் மிகக் குறைவு. உட்கார்ந்து சுருட்டும் நேரமே மிகுதி.

இதற்கு எழுந்த மறுப்புகளையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். முதலாவது ஆச்சியின் மறுப்பு. "ஏட்டி, பலகாரம் சுடாத வீட்டுக்குப் பண்டிகை என்னத்துக்கு?" என்றார் ஒரே வாக்கியத்தில். அவரிடம் வாதாட முடியாது. அதிரசத்தைப் பொங்கல் கழிந்த ஓய்வான ஒரு வாரத்தில் செய்யலாம், அப்போது அதன் சுவையைத் தனியே அறியலாம் என்று சொல்லி வைத்திருக்கிறோம், பதில் வரவில்லை.

இரண்டாவது மறுப்பு நியாயமானது. தீபாவளிக்கும் பெருநாளுக்கும் அண்டை வீட்டார் தட்டு நிறையக் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். அந்தத் தட்டை எப்படி வெறுமையாகத் திருப்புவது? திருப்பக் கூடாதுதான். கல்கல்லும் இரண்டு வாழைப்பழமும் வைத்துக் கொடுத்தால் எந்த வீட்டாரும் வருந்த மாட்டார்கள் என்று எங்கள் இந்து, முஸ்லிம் தோழியர் உறுதி கூறினார்கள். தட்டில் ஐந்து வகை இருக்கிறதா என்று எண்ணுவது வாங்குகிறவர்களன்று, கொடுக்கிறவர்களே என்பதும் பேசியதில் தெரிந்தது.

மூன்றாவது மறுப்பு எங்களை வாயடைக்கச் செய்தது. அது அம்மாவிடமிருந்தே வந்தது. "ஆண்டில் ஒரு நாள் என் கைப்பக்குவத்தை எல்லாரும் சொல்லுவாங்க. அதையும் வேண்டாம்னு சொல்றியா?" என்று கேட்டார். நாங்கள் நெடுநேரம் யோசித்தோம். கைப்பக்குவம் பாராட்டப்பட வேண்டும். ஆனால் அதை உண்டு பாராட்டுகிற வரிசையில் அவரும் உட்கார வேண்டும். அதற்கு மேல் எங்களுக்கு விடை தெரியவில்லை.

ஒன்றைத் தெளிவாகக் கூற விரும்புகிறோம். அம்மாவின் சுமையை இறக்கிப் பெண் பிள்ளைகளின் தலையில் ஏற்றுவது எங்கள் நோக்கமன்று. நம் பள்ளியில் தையலும் சமையலும் கற்றுத்தரும் சகோதரிகளுக்கு நாங்கள் நன்றியுடையவர்கள். ஆயினும், பூண்டு உரிக்க அண்ணனுக்கும் விரல்கள் உண்டு. பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே "அம்மா, பால் பொங்குது" என்று கூவுகிற தம்பிமார் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். அடுப்பை அணைக்கும் திருகை அவர்களுக்குக் காட்டித் தந்தால் பெரும் உதவியாயிருக்கும்.

இனி அலங்காரத்துக்கு வருவோம். சொல்லத் தயங்கிய ஒரு செய்தியை இங்கே சொல்ல வேண்டும். எங்கள் வகுப்பில் நடந்த நட்சத்திரப் போட்டியில் முதற்பரிசு பெற்றது, மினுக்கும் விளக்குச் சரம் பதித்த பெரிய நட்சத்திரம். அதன் சட்டத்தைச் செய்தவர் ஒரு தச்சர் என்பது கொண்டுவந்தவளே சொன்னது. அவள் பொய் சொல்கிறவள் அல்லள். எங்களுள் மற்றொருத்தி பழைய செய்தித்தாளும் பட்டக் காகிதமும் கொண்டு தானே ஒட்டிய நட்சத்திரத்தைக் கொண்டுவந்தாள். அவளுடைய அம்மா பீடி சுற்றுகிறவர். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. பண்டிகைத் துணிக்காக டிசம்பரில் கூடுதலாகச் சுற்ற வேண்டியிருக்கும். பலகாரம் சுட நேரம் இராது. அவளது நட்சத்திரம் கதவுக்குப் பின்னால் மாட்டப்பட்டது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. முன்பக்கத்தில் இடம் இல்லை, அவ்வளவே. விடுமுறை முடிந்து எல்லோரும் பலகார டப்பா கொண்டுவந்து பகிரும் நாளில் அவள் பள்ளிக்கு வரவில்லை. காய்ச்சல் என்று விடுப்புக் கடிதம் கொடுத்திருந்தாள். அது காய்ச்சல் அன்று என்பதை அவள் தானாகவே எங்களிடம் சொல்ல ஒரு மாதம் ஆயிற்று. அவள் அனுமதியுடன்தான் இதை எழுதுகிறோம்.

அப்போது நாங்களும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. எங்களில் பலர் வீட்டில் தொங்கியதும் கடை நட்சத்திரமே. கையால் செய்வது மட்டமானது என்று நாங்கள் நினைத்ததில்லை; செய்யத் தெரியவில்லை என்பதே உண்மை. ஆகவே கற்றுக்கொள்ள முடிவு செய்தோம். முதலில் செய்தது ஒரு பக்கம் சரிந்து, காற்றில் நனைந்த கோழியைப் போலத் தொங்கியது. பிறகுதான் அதிலுள்ள கணக்கு விளங்கியது.

மூங்கிலை மெல்லிதாகச் சீவி, ஒரே நீளமுள்ள பத்துக் குச்சிகள் எடுக்க வேண்டும். ஐந்து குச்சிக்கு ஒரு நட்சத்திரமாக இரண்டு. ஒவ்வொரு முனையும் 36 பாகை; ஐந்து முனைகளையும் கூட்டினால் 180, ஒரு முக்கோணத்தின் கோணங்கள் அளவு. குச்சி 90 செ.மீ. என்றால், இரண்டு நுனியிலிருந்தும் 34.4 செ.மீ. தூரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ள வேண்டும். குச்சிகள் ஒன்றையொன்று வெட்டும் இடங்கள் அவைதாம். அந்தக் குறிகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும்படி கட்டினால் நட்சத்திரம் ஒருபோதும் கோணாது. கண்ணளவாகக் கட்டியதால்தான் எங்கள் முதல் நட்சத்திரம் சரிந்தது. பிறகு இரண்டு நட்சத்திரங்களையும் ஐந்து முனைகளில் சேர்த்துக் கட்டி, உள்ளே குச்சிகள் வெட்டும் ஐந்து இடங்களிலும் ஒரு சாண் அளவுள்ள சிறு கட்டைகளைக் குறுக்கே நிறுத்த வேண்டும். உடனே தட்டையாயிருந்தது உப்பி எழும். முதன்முறை அது உப்பிய போது நாங்கள் போட்ட கூச்சலுக்கு அடுத்த வீட்டார் வந்து எட்டிப் பார்த்தார்கள். மைதாப் பசை காய்ச்சிப் பட்டக் காகிதம் ஒட்டலாம். பூச்சி அரிக்காதிருக்கப் பசையில் மயில் துத்தம் கலப்பார்கள். அது நஞ்சு, சிறு பிள்ளைகள் ஒட்டும் பசையில் சேர்க்கலாகாது. முன்பெல்லாம் உள்ளே மெழுகுதிரி வைத்து நட்சத்திரமே எரிந்து போனதுண்டு என்று ஆச்சி சொன்னார். இப்போது சூடேறாத சிறு எல்.இ.டி. விளக்கு மலிவாகக் கிடைக்கிறது. அப்போதும் காகிதத்தில் படாமல் நடுவில் தொங்கவிடுவது நல்லது.

நட்சத்திரத்துக்கும் வகுப்பறைக்கும் உள்ள தொடர்பு எங்கள் கற்பனையன்று. ஜெர்மனியில் நீஸ்கி என்னும் ஊரில், மொரேவியச் சபையார் நடத்திய பள்ளியில், 1830-களில் வடிவியல் பாடத்தின் பகுதியாகவே பல முனை நட்சத்திரம் ஒன்றை மாணவர்கள் காகிதத்தில் செய்தார்கள். அதுவே பின்னாளில் ஹெர்ன்ஹூட் நட்சத்திரம் என்று பெயர் பெற்று உலகெங்கும் பரவியது. இன்று அதைப் பெட்டியில் வைத்து விற்கிறார்கள். ஆனால் அதன் தொடக்கம் கத்தரிக்கோலும் அளவுகோலும் பிடித்த பிள்ளைகளின் கையில். வடிவியல் எதற்குப் பயன்படும் என்று கேட்கும் எங்கள் வகுப்புத் தோழிக்கு இதைக் காணிக்கையாக்குகிறோம்.

குடிலைப் பற்றி நிறைய எழுதலாம்; இடம் கருதிச் சுருக்குகிறோம். 1223-ஆம் ஆண்டு கிரேச்சியோ என்னும் இத்தாலிய ஊரில் புனித பிரான்சிஸ் அசிசியார் அமைத்த குடிலில் இருந்தவை தீவனத் தொட்டியும் வைக்கோலும் ஓர் எருதும் ஒரு கழுதையும் மட்டுமே. மின்விளக்கும் இல்லை, நீரூற்றும் இல்லை, சுரூபங்கள் கூட இல்லை. 2023-இல் அதன் எண்ணூறாம் ஆண்டு நிறைவடைந்தது. காலஞ்சென்ற திருத்தந்தை பிரான்சிஸ் 2019 டிசம்பர் 1-ஆம் தேதி அதே ஊருக்குச் சென்று, குடிலைப் பற்றிய திருமடல் ஒன்றில் கையெழுத்திட்டார். குடில் ஆண்டுதோறும் ஒன்றுபோல் இருந்தாலும் மாறினாலும் பரவாயில்லை, அது நம் வாழ்வோடு பேச வேண்டும் என்னும் கருத்து அதில் இருக்கிறது. நம் வாழ்வில் வைக்கோல் இருக்கிறது, சாக்குத் துணி இருக்கிறது, சிரட்டை இருக்கிறது. பனி மூடிய தெர்மகோல் மலை இல்லை. தவிரவும், அலங்காரத்துக்குத் தெர்மகோலைப் பயன்படுத்துவது 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டிருக்கிறது. இது தெரியாமல் அதைத் தேடி வாங்கி வந்தவர்கள் எங்களிடையிலும் உண்டு. சாக்குத் துணியைக் கஞ்சியில் தோய்த்து, மடித்து நிறுத்தி, காய்ந்ததும் காவி மண் பூசினால் பாறை தத்ரூபமாக வரும்.

குடிலின் புல்வெளிக்குச் சிரட்டையில் மண் நிரப்பிக் கோதுமையோ கேழ்வரகோ விதைக்கலாம். இதில் எங்களுக்கு ஆசிரியையாக இருந்தவள் ஓர் இந்துத் தோழி. அம்மன் கோவில் கொடைக்கு முளைப்பாரி வளர்க்கும் வீடு அவளுடையது. விதையை ஓரிரவு ஊற வைப்பது, முதல் மூன்று நாள் இருட்டில் மூடி வைப்பது, தண்ணீரை ஊற்றாமல் தெளிப்பது எல்லாம் அவள் சொல்லித் தந்தவை. முளைப்பாரியைக் கடைசி வரை இருட்டில் வளர்ப்பதால் அது வெளிறிய மஞ்சளாக இருக்கும். குடிலுக்குப் பச்சை வேண்டுமானால் நான்காம் நாள் வெயிலுக்குக் கொண்டுவர வேண்டும் என்பதும் அவள் சொன்னதே. குரோவேஷியா, ஹங்கேரி நாடுகளில் டிசம்பர் 13, புனித லூசியா திருநாளன்று தட்டில் கோதுமை விதைத்துக் கிறிஸ்து பிறப்புக்குள் வளர்த்து வைக்கும் வழக்கம் இருப்பதை எங்கள் சகோதரி ஒருவர் கூறினார். நாங்களும் அந்தத் தேதியையே பிடித்துக்கொண்டோம். பன்னிரண்டு நாளில் ஒரு சாண் உயரம் வந்தது. ஒரு சிரட்டை மட்டும் எலிக்கு இரையாயிற்று.

மதிப்பிற்குரிய அருட்சகோதரிகளிடம் எங்கள் விண்ணப்பம் ஒன்று உண்டு. அடுத்த ஆண்டு நட்சத்திரப் போட்டியை வீட்டிலிருந்து கொண்டுவரும் போட்டியாக வைக்காமல், பள்ளியிலேயே இரண்டு பாடவேளையில் செய்யும் போட்டியாக வைக்க வேண்டும். மூங்கில் குச்சி, நூல், பட்டக் காகிதம், பசை ஆகியவற்றைப் பள்ளியே எல்லோருக்கும் சமமாகத் தரலாம். செலவுக்கு ஆளுக்குப் பத்து ரூபாய் வாங்கினாலும் சரியே. நான்கு பேர் கொண்ட குழுவாகச் செய்யலாம். முடிந்த பின் எல்லா நட்சத்திரங்களையும் வராந்தாவில் ஒரே வரிசையில், ஒரே உயரத்தில் தொங்கவிட வேண்டும். கதவுக்குப் பின்னால் ஒன்றும் வேண்டாம். பரிசு கொடுப்பதும் கொடாததும் தங்கள் விருப்பம்.

பெற்றோர்களிடம் கேட்பது இதைவிடச் சிறியது. விடுமுறை முடிந்து பள்ளிக்கு வரும்போது பலகாரம் கொண்டுவரும் வழக்கத்தை நாங்களே எங்கள் வகுப்பில் மாற்றிக்கொண்டோம். இனி வீட்டிலிருந்து டப்பா இல்லை. அன்று மதியம் வகுப்பில் எல்லோரும் சேர்ந்து அவலும் தேங்காயும் வெல்லமும் கலந்து உண்பது. அவல் ஒருத்தி, வெல்லம் ஒருத்தி, தேங்காய் ஒருத்தி. பீடி சுற்றும் அம்மாவின் மகள் இவ்வாண்டு தேங்காய் கொண்டுவந்தாள். ஆகவே, "டப்பாவில் வைக்க ஒன்றும் சுடவில்லையே" என்று எந்த அம்மாவும் கவலைப்பட வேண்டியதில்லை.

இவ்வாண்டு 24-ஆம் தேதி இரவு எங்கள் ஆறு பேர் வீட்டில் கஞ்சிதான். ஒரு வீட்டில் அடிப்பிடித்துவிட்டது. தூணில் சாய்ந்து உறங்கிய அந்த அம்மா இம்முறை பாலனைக் குடிலில் வைக்கும்போது விழித்திருந்தார். மறுநாள் பகல் உளுந்தஞ்சோறு பரிமாறும்போது அவரைப் பாயில் உட்கார வைத்து அப்பா இலை போட்டார். இரண்டு கவளம் உண்டதும், "குழம்புல உப்பு கம்மி" என்று எழுந்திருக்கப் பார்த்தாராம். உப்பு டப்பாவைத் தம்பி எடுத்துக் கொடுத்தான்.